கட்டுக்கடங்காத் தொடர்கள்



1913ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், சென்னைத் துறைமுக அலுவலகத்தின் கணக்குப் பகுதியில் பணியாற்றிய எழுத்தர் ஒருவர், கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் வரைந்தார். 1 − 1 + 2 − 6 + 24 − 120 என முடிவின்றிச் செல்லும் தொடரின் மதிப்பு 0.596 என்று அதில் ஓரிடத்தில் கண்டிருந்தது. எழுதியவர் இராமானுஜன். உறுப்புகளோ மலைபோல் வளர்கின்றன; கூட்டுத்தொகை எந்த எண்ணிலும் நிலைகொள்வதில்லை. படிப்பவர் இதைப் பித்தென்று எண்ணினாலும் வியப்பில்லை. ஆயினும் 1760இல் வெளியான ஆய்லரின் கட்டுரையிலும் இதே எண் இருக்கிறது!

இத்தொடர் ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டிலிருந்து பிறப்பது. ய என்பது க என்னும் மாறியின் சார்பு எனக் கொள்வோம். ய மாறும் வீதத்தைக் க-வின் வர்க்கத்தால் பெருக்கி, அத்துடன் ய-வைக் கூட்டினால் க வரவேண்டும். அடுக்குத் தொடராக விடை தேடினால் 1, −1, 2, −6, 24 என்ற கெழுக்களே கிடைக்கின்றன. க எவ்வளவு சிறிதாயினும் தொடர் இறுதியில் விரிந்தே போகும்.

க-வைப் பத்தில் ஒன்றாகக் கொண்டு, தாளும் பென்சிலும் எடுத்துக் கூட்டிப் பாருங்கள். ஒன்பது உறுப்புகளின் தொகை 0.09158, பத்து உறுப்புகளின் தொகை 0.09155. உண்மையான விடை 0.09156. இங்கே நின்றுவிட வேண்டும். மேலே கூட்டினால் கேடுதான். முப்பதாம் உறுப்பு மட்டுமே 8ஐத் தாண்டிவிடும். அளவறிந்து நிற்பவனுக்கு உதவி, பேராசைக்காரனைக் கைவிடும் தொடர் இது. நார்வே நாட்டு ஏபெல் 1826இல் இவ்வினத்தையே கடுமையாகச் சாடினார். இவை விளைத்த குழப்பத்தை நோக்கின் அச்சினம் நேர்மையானதே.

1899இல் பிரெஞ்சு அறிஞர் போரெல் வழி காட்டினார். 1, 2, 6, 24 என்னும் பெருக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு வளைகோட்டின் கீழுள்ள பரப்பளவு. ஒவ்வொரு கெழுவுக்கும் பதிலாக அப்பரப்பை எழுதி, முதலில் உள்ளே கூட்டினால், வளர்ச்சி அடங்கி எளிய பெருக்குத் தொடர் எஞ்சுகிறது. அதன் தொகையை வைத்துப் பரப்பைக் கணித்தால், சமன்பாட்டின் மெய்யான தீர்வே வந்து நிற்கிறது. க ஒன்றாயின் 0.5963.

நிற்க. சமன்பாட்டில் ய-வின் வர்க்கமும் புகுந்துவிட்டால்? பான்லவே ஆராய்ந்த சமன்பாடுகள் அத்தகையவை. அங்கே தொடர் தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது. போரெலின் உட்சார்பு முன்பு ஒரே இடத்தில் முறிந்தது. இப்போது பொதுவாக அதன் இருமடங்கு, மும்மடங்குத் தொலைவுகளிலும் முறிகிறது. இம்முறிவுகள் பரப்பைக் கணிக்கும் பாதையிலேயே வந்துவிட்டால், மேலே சுற்றிச் சென்றால் ஒரு விடை, கீழே சென்றால் வேறொரு விடை. இவற்றின் வேறுபாடு க-வின் எந்த அடுக்கைவிடவும் விரைவாகத் தேய்வது. எனவே தொடரின் எந்த உறுப்பிலும் அது தென்படாது. ஆனால் கெழுக்கள் வளரும் வேகத்தில் அது ஒளிந்திருக்கிறது. 1981இல் பிரான்சின் எக்கால் அதை முறையாக வெளிக்கொணர்ந்தார். கெழுக்கள் வெடித்து வளர்வதை உற்று நோக்கியே, தொடர் சொல்லாமல் விட்ட பகுதியை இன்று கணித்துவிடுகிறார்கள்.