ஒரே மொழி, இருவேறு வாழ்வு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா என்றால் இசையும் நாடகமும் குழந்தைகளின் ஆடலும் இருத்தல் இயல்பு. அவற்றினிடையே சிறிது நேரம் நம் நிலையை நாமே எண்ணிப் பார்ப்பதும் விழாவின் ஒரு பகுதியே ஆகும். கேரளத்தில் வாழும் தமிழர் நிலை என்று பொதுப்படப் பேசுவோர் பலர். அங்ஙனம் பேசுங்கால் ஓர் உண்மை கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. பாலக்காட்டின் கிழக்கெல்லையில் வாழும் தமிழரும் இடுக்கி மலைகளில் வாழும் தமிழரும் ஒரே மொழி பேசுகின்றனர். ஒரே அரசின்கீழ் வாழ்கின்றனர். ஆயினும் அவர்தம் சமுதாய நிலையும் பொருளாதார நிலையும் வேறு வேறாக இருக்கின்றன. அவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

எல்லை வந்து சேர்ந்த ஊர்கள்

முதலில் நம் வாளையாற்றிலிருந்தே தொடங்குவோம். 1956 அக்டோபர் 31-ஆம் நாள் வரை இது கோயம்புத்தூர் மாவட்டத்திற்கும் மலபார் மாவட்டத்திற்கும் இடைப்பட்ட எல்லையாக மட்டுமே இருந்தது. இரண்டு மாவட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்தவை. மறுநாள், நவம்பர் முதல் நாள், கேரள மாநிலம் பிறந்தது. வாளையாறு இரு மாநிலங்களின் எல்லையாயிற்று. உறங்கி எழுந்த மக்கள் ஓரடியும் நடக்கவில்லை. அவர்கள் நின்ற மண்ணின் பெயர்தான் மாறிற்று.

தெற்கே சிற்றூர் வட்டம் கொச்சி மன்னர் ஆட்சியில் இருந்தது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி போன்ற ஊர்களில் கொங்கு நாட்டு உழவர்கள் நெடுங்காலமாகவே காடு திருத்திக் கழனியாக்கி வாழ்ந்து வந்தனர். பாலக்காட்டுக் கணவாய் வழியே பெண் கொடுத்தலும் பெண் எடுத்தலும் மாடு வாங்கலும் விற்றலும் இடையறாது நடந்தன. ஆகவே இப்பகுதித் தமிழர் பலர்க்கு நிலம் இருந்தது. நிலத்திற்கு ஆவணமும் இருந்தது.

நிலமில்லாதார்க்கும் பின்னாளில் ஒரு வழி பிறந்தது. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் 1963-இல் இயற்றப்பெற்று, 1969-இல் திருத்தப்பெற்று, 1970 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. குத்தகைக்கு உழுதவன் நிலத்துக்கு உரியவனானான். பிறர் நிலத்தில் குடிசை கட்டி வாழ்ந்தவன், ஊராட்சிப் பகுதியாயின் பத்து சென்ட் வரை தன் குடியிருப்பு நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமை பெற்றான். பத்து சென்ட் நிலம் சிறியதுதான். ஆயினும் 'இறங்கு' என்று ஒருவன் சொல்ல முடியாத பத்து சென்ட் அஃது!

இதனால் பாலக்காட்டுத் தமிழர் எல்லோரும் செல்வர் என்று கொள்ளலாகாது. சிற்றூர் வட்டத்திலேயே சக்கிலியர் குடியிருப்புகளிலும், இரவாளர், மலசர் முதலிய பழங்குடி மக்களின் குடியிருப்புகளிலும் வறுமையும் தீண்டாமையின் வடுவும் இன்னும் அகலவில்லை. பிளாச்சிமடையில் கொக்கோ கோலா ஆலை 2000-இல் இயங்கத் தொடங்கியது. ஊர்க் கிணற்று நீர் கெட்டது என்று கூறி 2002 ஏப்ரலில் போராடப் புறப்பட்டவர்கள், மயிலம்மா என்னும் பழங்குடித் தாயின் தலைமையில் திரண்ட அவ்வேழை மக்களே. 2004-இல் ஆலை நின்றது.

உழவர்க்கும் தண்ணீர்க் கவலை உண்டு. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் 725 கோடி கன அடி நீர் மணக்கடவு அணைக்கட்டில் சிற்றூர்ப் பாசனத்துக்கு வந்து சேர வேண்டும். 1970-இல் கையொப்பமான இவ்வொப்பந்தம் 1958 நவம்பரிலிருந்தே செல்லுபடியாகும் என வகுக்கப்பட்டது. ஆழியாற்று நீர் குறையும் கோடையில் பொள்ளாச்சித் தமிழனும் சிற்றூர்த் தமிழனும் ஒரே நீரை எதிர்நோக்கி நிற்கின்றனர். சிற்றூர் உழவன் தன் பங்கு நீருக்காகத் திருவனந்தபுரத்தை நோக்கிக் குரல் கொடுக்கிறான். மொழி ஒன்றாயிருப்பதாலேயே நலமும் ஒன்றாகிவிடுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

மலையேறிச் சென்றவர்கள்

இனி இடுக்கிக்குச் செல்வோம். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாற்று மன்னரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். 1880-இல் ஷார்ப் என்பவர் அங்கே முதன்முதலில் தேயிலை பயிரிட்டார். 1897-இல் பெரும் நிறுவனம் தோன்றிற்று. காடழிக்கவும் கன்று நடவும் கொழுந்து கிள்ளவும் கைகள் வேண்டியிருந்தன. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் ஆட்களைத் திரட்டினர். வந்தவர்களுட் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். சொந்த ஊரிலும் நிலமில்லாதவர். கையில் கங்காணி கொடுத்த முன்பணம். தலையில் அதனால் வந்த கடன். இவற்றோடு அவர்கள் மலையேறினர்.

அவர்களுக்குக் குடியிருப்பாகக் கிடைத்தது லயம். ஒரு சுவருக்கு இப்பால் ஒரு குடும்பம், அப்பால் ஒரு குடும்பம். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, குடிநீர், மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கிற்று. அது நன்மையே. ஆனால் அவ்வீடு வேலையோடு கட்டுண்ட வீடு. வேலை தீர்ந்தால் வீடும் தீரும்.

இங்கேதான் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி உள்ளது. குடிசைவாசிக்குப் பத்து சென்ட் நிலம் வழங்கிய அதே நிலச் சீர்திருத்தச் சட்டம், தோட்டங்களை நில உச்சவரம்பிலிருந்து விலக்கி வைத்தது. தோட்டத்தைத் துண்டாடினால் தொழில் கெடும் என்பது அதற்குக் காட்டிய காரணம். விளைவு என்ன? பாலக்காட்டுச் சமவெளியில் குடிசை போட்டிருந்தவனுக்கு நிலத்தின்மேல் உரிமை பிறந்தது. மூணாற்றிலும் பீர்மேட்டிலும் மூன்று தலைமுறை கொழுந்து கிள்ளியவளுக்கு ஒரு முழ நிலமும் சொந்தமாகவில்லை. முதுமையில் ஓய்வுபெறும் தாய் லயத்தில் தொடர்ந்திருக்க வேண்டுமாயின், மகனோ மருமகளோ அதே தோட்டத்தில் பெயர் பதிய வேண்டும். படித்து முன்னேற வேண்டிய பிள்ளையின் கால்களை ஒரு கூரை கட்டிப்போடுகிறது! 2000-ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பீர்மேட்டில் தோட்டங்கள் சில மூடப்பட்டன. கூலியும் பணிக்கொடையும் நின்றுபோன பிறகும் தொழிலாளர் ஒழுகும் லயங்களிலேயே தங்கினர். போவதற்கு வேறு இடம் அவர்களுக்கு ஏது?

2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள், போனஸ் நூற்றுக்குப் பத்தாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்துத் தாமே தெருவில் திரண்டனர். ஆண்கள் தலைமை வகித்த தொழிற்சங்கங்களை விலக்கிவைத்துப் 'பெம்பிளை ஒருமை' என்று தம் கூட்டத்திற்குப் பெயரிட்டனர். போனஸும் ஊக்கத்தொகையும் சேர்ந்து நூற்றுக்கு இருபதாயிற்று. அன்று 232 ரூபாயாக இருந்த நாட்கூலி பின்னர் 301 ரூபாயாயிற்று. அவர்கள் வென்றனர், ஆயினும் கூலியைத்தான் வென்றனர், நிலத்தை அல்ல.

நிலமின்மையின் விலை என்ன என்பதை 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு உலகுக்குக் காட்டிற்று. இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்களை மூடியது. எழுபது உயிர்கள் போயின. மாண்டவருட் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பகுதியை வேராகக் கொண்ட உறவினர். எங்கே வீடு கட்டலாம், எங்கே கட்டலாகாது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு எந்நாளும் இருந்ததில்லை. எஞ்சியோர்க்குக் குட்டியாறு பள்ளத்தாக்கில் அரசு ஒதுக்கிய நிலத்தில் எட்டு வீடுகள் 2021-இல் வழங்கப்பெற்றன. நிலத்தோடு கூடிய வீடு கிட்டுவதற்கு அவர்கள் கொடுத்த விலை எவ்வளவு!

தாள் ஒன்றின் எடை

நிலம் ஒன்று, தாள் மற்றொன்று. தாழ்த்தப்பட்டோர் பட்டியல் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்டு 10-ஆம் நாள் வெளிவந்தது. ஒரு மாநிலத்தில் சலுகை பெற வேண்டுமாயின், அந்நாளிலேயே தம் முன்னோர் அங்கே நிலையாகக் குடியிருந்தமையைக் காட்ட வேண்டும். பாலக்காட்டில் பரம்பரையாக வாழ்வோர்க்கு இது பெருந்தொல்லை அன்று. தேயிலை மலையில் பிறந்த மாணவனோ பாட்டன் பெயர் பதிந்த செக்ரோலைத் தேடி அலைகிறான். தேவிகுளம் தொகுதியின் தேர்தல் வழக்கே இதற்குச் சான்று. 2021-இல் வென்ற உறுப்பினரின் தேர்வை 2023-இல் உயர்நீதிமன்றம் செல்லாததாக்கியது; 2025-இல் உச்சநீதிமன்றம் அதனை மீட்டளித்தது. அவர் முன்னோர் 1950-க்கு முன்பே மலைக்கு வந்து குடியேறினரா என்பதும் அவ்வழக்கின் வினாக்களுள் ஒன்று. சட்டமன்ற உறுப்பினருக்கே இந்நிலை என்றால், சான்றிதழ் கேட்டு அலுவலக வாயிலில் நிற்கும் ஏழை மாணவியின் நிலை என்ன?

இத்தகைய வேறுபாடு நம் நாட்டளவில் நின்றுவிடவில்லை. இலங்கையில் யாழ்ப்பாணத் தமிழரும் மலையகத் தமிழரும் ஒரே மொழியினர். ஆயினும் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத் தமிழரையே பெரும்பாலும் நாடற்றவராக்கிற்று. அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசுவோருள்ளும் இரு வகையினர் உளர். 1848-இல் மெக்சிகோ தோற்றபோது தம் ஊரோடு அந்நாட்டுக்குள் வந்து சேர்ந்தவர் ஒரு சாரார். 1942 முதல் 1964 வரை ஒப்பந்தக் கூலிகளாக அழைத்துச் செல்லப்பட்டோரும் அவர்கள் வழியில் சென்றோரும் மற்றொரு சாரார். கப்பல்களின் கொதிகலன் அறையில் கரி அள்ளிய சில்கட்டு வங்காளிகள் கிழக்கு இலண்டனில் குடியேறிய வரலாறும் நம் மலையேற்றத்திற்கு உறவுடையதே. எங்கு நோக்கினும் கேள்வி ஒன்றே: வந்தவன் எவ்வுரிமையோடு வந்தான்? வந்தபின் எதனைச் சொந்தமாக்கிக்கொள்ள விடப்பட்டான்?

இனி நாம் செய்யத் தக்கவை

அன்பர்களே! இச்செய்தி நம் காலனிக்கும் உரியது. நம்முட் பலர் வேலையோடு வந்த வீட்டில் வாழ்பவர். வேலை முடியும் நாளில் சாவியைத் திருப்பித் தர வேண்டியவர். லயத்துத் தாயின் கவலை நமக்குப் புதிதன்று. ஆதலின் மூன்று வேண்டுகோள்களை உங்கள்முன் வைக்கிறோம்.

ஒன்று: ஒவ்வொரு குடும்பமும் தன் ஆவணங்களைத் தொகுத்துக் காக்க வேண்டும். பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, பழைய குடும்ப அட்டை, பாட்டன் காலத்துச் சம்பளச் சீட்டு, இவற்றுள் எதனையும் எறியாதீர்கள். பொங்கலுக்கு நாம் கூடுவதுபோல், ஆண்டுக்கு ஒரு நாள் சான்றிதழ்களுக்கு விண்ணப்பம் எழுதித் தரவும் நம் சங்கம் கூடட்டும். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், சிறுபான்மைத் தமிழர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதவும் விடை பெறவும் இடமளித்தது. பயன்படுத்தாத உரிமை துருப்பிடிக்கும்.

இரண்டு: நம் பிள்ளைகள் தமிழைச் செம்மையாகக் கற்கட்டும், மலையாளத்தையும் அங்ஙனமே கற்கட்டும். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழும் மலையாளமும் அறிந்தோர்க்கெனவே தேர்வாணையம் எழுத்தர் பதவிகளுக்கு விண்ணப்பம் கோரியிருக்கிறது. இருமொழி அறிவு நம் பிள்ளைகளுக்குச் சோறும் தரும், மதிப்பும் தரும்.

மூன்று: இதுவே எல்லாவற்றினும் பெரிது. இன்று கஞ்சிக்கோட்டு இரும்பு உருக்காலைகளில் வேகும் உடல்கள் யாருடையவை? பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம், அஸ்ஸாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தோர் பலர். நம்மவர் விட்டு வெளியேறிய மலை லயங்களிலும் அம்மக்கள் குடிபுகுந்து கொழுந்து கிள்ளுகின்றனர். அவர்களுக்கெனக் கேரள அரசு 2017-இல் 'ஆவாஸ்' என்னும் காப்பீட்டைத் தொடங்கியது. 2019-இல் கஞ்சிக்கோட்டில் 'அப்னா கர்' என்னும் விடுதியைத் திறந்தது. நாம் என்ன செய்தோம்? கடைத்தெருவில் அவர்களைக் கண்டு முகம் சுளிப்போர் நம்முள்ளும் இருக்கின்றனர். நூறாண்டுகட்கு முன் முன்பணக் கடனோடு மலையேறிய நம் பாட்டன்மாரைக் கண்டும் இப்படித்தான் ஊரார் முகம் சுளித்திருப்பர்! 2011 திசம்பரில் முல்லைப் பெரியாற்றுப் பிணக்கு முற்றியபோது, ஏலத்தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்க் கூலியாட்கள் அஞ்சித் திரும்பியதை நாம் மறந்துவிடலாமா?

நம் பேச்சின் சாரம் இதுவே. ஒரு மக்கட் கூட்டத்தின் நிலையை அதன் மொழியைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது. காலடியில் உரிமையுள்ள மண் இருக்கிறதா, கையில் மதிப்புள்ள தாள் இருக்கிறதா, பிள்ளைக்குப் பள்ளி வாயில் திறந்திருக்கிறதா என்று கேட்டால் உண்மை விளங்கும். பாலக்காட்டுத் தமிழன் இம்மூன்றில் ஓரளவு பெற்றான். மலைத் தமிழன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான். வடக்கிலிருந்து வந்தவன் கேட்கவே தொடங்கவில்லை. பெற்றவர்கள் பெறாதவர்க்காகப் பேசுவதே சங்கம் என்ற சொல்லுக்குப் பொருள் சேர்க்கும். அப்பணியில் நம் காலனி முன்னிற்கும் என்னும் நம்பிக்கையோடு அமைகிறோம்.