உறைபனியும் பூச்சும்



உறைபனியைப் பற்றியும் அதைத் தடுக்கப் பூசும் பூச்சுகளைப் பற்றியும் பேச வந்திருக்கின்றோம். இது குளிர்தேசத்துச் சங்கதிதானே என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இதில் மனித உயிர் அடங்கியிருக்கின்றது.

1989ம் வருஷம் மார்ச்சு 10ந் தேதி, கனடா தேசத்து டிரைடன் என்னும் ஊரில், 69 பேரோடு கிளம்பிய ஆகாயவிமானம் ஒன்று மேலெழும்ப மாட்டாமல் காட்டில் விழுந்தது. 24 பேர் மாண்டார்கள். "விதி" என்று சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் நீதிபதி மொஷான்ஸ்கி விசாரித்தார். இறக்கைமீது பனி படிந்திருந்தது. துணை எஞ்சின் பழுது. பெரிய எஞ்சினை நிறுத்தினால் மறுபடி ஓட்ட அவ்வூரில் சாதனமில்லை. எஞ்சின் ஓடும்போது பனிநீக்கும் திரவம் தெளிக்கவும் கூடாது. ஆகவே ஏற்பாட்டின் குறைகள் ஒன்றுசேர்ந்தே கொன்றனவேயொழிய விதி கொல்லவில்லை.

உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான உறைபனி மெல்லியதாகப் படிந்தாலும், இறக்கையின் தூக்கும் சக்தியில் 30 சதவிகிதம் வரை குறையலாம். காற்றின் தடை 40 சதவிகிதம் வரை கூடலாம்.

அப்படியானால் தாமரையிலை போல் நீர் ஒட்டாத பூச்சைப் பூசிவிட்டால் என்ன? நல்ல கேள்விதான். ஆனால் தாமரையிலை மேலிருந்து விழும் துளியைத்தான் உருட்டிவிடும். ஆவியில் காட்டினாலோ அதன் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள்ளேயே நீர் உண்டாகி ஒட்டிக்கொள்ளும். உறைபனியோ ஆவியிலிருந்தே பிறப்பது!

நீர் ஒட்டாத பூச்சில் துளிகள் தனித்தனியே நின்று தாமதமாய் உறைகின்றன என்பது வாஸ்தவம். ஆனால் ஒரு துளி உறைந்ததும், அது பக்கத்துத் துளியின் ஆவியை இழுக்கின்றது. இடையே பனிப்பாலம் வளர்கின்றது. தொட்டதும் அதுவும் உறைகின்றது. முடிவில் எல்லாம் வெள்ளைதான். தாமதமே லாபம், தடையல்ல.

நீக்குவதிலும் அப்படியே. வழவழப்பான பூச்சிலிருந்து உருகிய பனி எளிதில் வழுக்கிவிழும். சொரசொரப்பான பூச்சில் பள்ளங்களுக்குள் பனி வளர்ந்துவிட்டால் முன்னைவிட இறுகப் பிடிக்கும். குளிர்சாதன இயந்திரத்தின் தகடுகளுக்கோ, உருகிய நீர் இடுக்கில் தங்காமல் பரவி வழிய, நேர்மாறாக நீரை ஏற்கும் பூச்சையே பல இடங்களில் பூசுகிறார்கள்.

ஆகவே தோழர்களே! பூச்சு விற்பவர் மேஜைமேல் துளியை உருட்டிக் காட்டினால் கைதட்டிவிடாதீர்கள். ஆவியில் பரிசோதித்தீரா? பனியைப் பெயர்க்க எவ்வளவு பலம் வேண்டும்? எத்தனை முறை பெயர்த்தபின்னும் பூச்சு நிற்கும்? என்று கேளுங்கள். பதில் வரும்வரை, சூடான கிளைக்கால் திரவத்தைத் தெளித்து, இறக்கை சுத்தமான பிறகே கிளம்புவது என்ற விதியே உயிரைக் காக்கும். இந்த விதி மனிதன் ஆராய்ந்து எழுதியது, தலையில் எழுதியதல்ல.