ஓடைக்கும் இடம் வேண்டும், வீட்டுக்கும் காணி வேண்டும்

(கந்தளாயில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் ஒன்றுகூடலில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்கத்தின் அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



மலையகத்திலிருந்து இரவெல்லாம் பஸ்சில் வந்திருக்கும் தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் தலைவிகளுக்கும் வணக்கம். கரும்புத் தோட்டத்தில் உழைத்து, சீனி ஆலை மூடப்பட்ட பிறகும் இந்த மண்ணிலேயே குடியிருக்கும் கந்தளாய் உறவுகளுக்கும் வணக்கம்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விடயம் ஓடைக்கரையில் வீடு கட்டுவது பற்றியது. இதைத் தலவாக்கலையிலோ பதுளையிலோ பேசாமல் கந்தளாயில் ஏன் பேச வேண்டும் என்று சில தோழர்கள் கேட்டார்கள். நமக்கு முன்னால் இருக்கும் இந்தக் குளத்தின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

தலவாக்கலைத் தோட்டங்களின் ஊற்றுகளும் ஓடைகளும் கொத்மலை ஓயாவில் சேர்கின்றன. கொத்மலை ஓயா மகாவலியில் சேர்கிறது. கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்லையில், 1976 முதல், மகாவலித் தண்ணீரில் ஒரு பங்கு சுரங்கம் வழியாக உக்குவளைப் பக்கம் திருப்பப்படுகிறது. அங்கிருந்து சுது கங்கை, அம்பன் கங்கை, எலஹெர அணைக்கட்டு, மின்னேரியாக் குளம், அதன்பின் பழைய பெருங்கால்வாய் என்று வந்து இந்தக் குளத்தில் சேர்கிறது. இங்கே அது வயலுக்குப் பாய்கிறது. திருகோணமலை நகரத்துக்குக் குடிநீராகவும் போகிறது. நம் தோட்டத்துப் பீலியில் நாம் குடம் பிடித்ததுபோக மிச்சம் ஓடும் தண்ணீரைத்தான் இங்குள்ள நம் உறவுகள் குடிக்கிறார்கள். மேலே ஓடையில் விழும் மண்ணும் அழுக்கும் கூட அதே வழியாகத்தான் வருகின்றன. பொல்கொல்லைத் தேக்கம் கட்டிய சில ஆண்டுகளிலேயே வண்டலால் வெகுவாகத் தூர்ந்துபோனது நாட்டுக்கே தெரிந்த செய்தி.

இந்தக் குளத்தை 7ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டினான் என்று வரலாறு சொல்கிறது. குளக்கோட்டன் கட்டினான் என்பது திருகோணமலைத் தமிழரின் மரபு. யார் கட்டினாலும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் சோறு போட்ட குளம் இது. அப்படிப்பட்ட குளத்தின் கட்டு 1986 ஏப்ரல் 20ஆம் திகதி விடியுமுன்னே உடைந்தது. தூக்கத்தில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1,600க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. கட்டின் மேல் பாரமான வாகனங்களை ஓடவிட்டதும் ஒரு காரணம் என்று பிறகு சொல்லப்பட்டது. வாகனம் ஓட அனுமதித்தவர்கள் வேறு. கட்டுக்குக் கீழே படுத்திருந்தவர்கள் வேறு. அந்த ஜனங்களிடம் யாரும் எதையும் கேட்டு முடிவெடுக்கவில்லை.

நம் மலைகளிலும் இதே கதைதான் நடக்கிறது.

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போய்க் குடியேற மாற்றுக் காணி இருக்கவில்லை. தப்பியவர்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் வீடு கிடைக்க ஏறக்குறைய இரண்டு வருடம் சென்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில்தான் இழப்பு மிக அதிகம். மலையில் பெய்த மழை மகாவலி வழியாக இந்தத் திருகோணமலை மாவட்டத்துக்கும் இறங்கி, மாவிலாற்றுக் கட்டை உடைத்து, மூதூர்ப் பக்கத்து மக்களையும் வீட்டைவிட்டு ஓட வைத்தது.

இவ்வளவு நடந்த பிறகும் நம் தோட்டங்களில் ஓடைக்கரையில் புதிய வீடுகள் எழும்புகின்றன. அதைக் கட்டுகிறவர்களை நாம் குறை சொல்லவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில் தாய் தகப்பன், மூத்த மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று எத்தனை பேர் படுப்பது? இளைய மகன் கல்யாணம் முடித்தால் எங்கே போவான்? தேயிலைச் செடியில் கை வைத்தால் துரை பொலிசுக்குப் போவார். றோட்டோரத்தில் கட்ட விடமாட்டார்கள். யாரும் கேள்வி கேட்காத இடம் ஓடைக்கரை ஒன்றுதான். அங்கே நாலு தகரத்தை அடித்துக் கொண்டு குடியேறுகிறான். வேறு போக்கிடம் இல்லாததால் போனவன் அவன்.

ஆனால் ஓடைக்கு இந்த நியாயம் தெரியாது. தண்ணீரின் போக்கைப் பற்றித் தோட்டத் தொழிலாளிக்கு வெளியார் பாடம் நடத்தத் தேவையில்லை. மலைச் சரிவில் கான் வெட்டுகிறவர்கள் நாம். கானை அடைத்தால் அடுத்த மழையில் வரிசையோடு செடி சரியும் என்பது நமக்குத் தெரியும். ஓடை என்பது மலைக்கு இயற்கை வெட்டிய கான். கரையைச் செதுக்கி வீட்டுக்குத் தளம் எடுத்தால் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்த வேர் போய்விடும். வெட்டிய மண்ணை ஓடையில் தள்ளினால் ஓடையின் வயிறு சுருங்கும். சாதாரண மழைக்கு ஒன்றும் தெரியாது. ஒரே நாளில் 150 மில்லிமீற்றர் கொட்டும்போது, சுருங்கிய ஓடை தன் பழைய அகலத்தைத் தேடி வீட்டுக்குள்ளே வரும். மலசலகூடக் குழியும் கரையிலேயே இருந்தால், கீழ் லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வருகிறது. அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களும் நம்முடைய ஆட்கள்தானே.

இங்கே இரண்டு குரல்கள் கேட்கின்றன. இரண்டுமே நமக்கு உதவாது.

ஒரு குரல், “முதலில் வீடு, ஓடையைப் பிறகு பார்ப்போம்” என்கிறது. தேர்தல் காலத்தில் இது அதிகமாகக் கேட்கும். ஆபத்தான இடத்தில் கொடுத்த வீடு, திறப்பு விழாப் படத்தில் அழகாக இருக்கும். முதல் பெருமழையில் அந்தக் குடும்பம் பாடசாலைக் கட்டடத்தில் பாய் விரிக்கும். எங்கள் வகுப்பறைகளிலேயே அப்படிப் பாய் விரித்த குடும்பங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். புத்தகம் வைக்கும் மேசையில் கைக்குழந்தை தூங்கியது.

இன்னொரு குரல், “இயற்கை அழகு கெடுகிறது, இந்தக் குடியிருப்புகளை அகற்ற வேண்டும்” என்கிறது. நீர்வீழ்ச்சியும் பச்சை மலையும் அழகுதான். அந்த அழகில் நம் பாட்டன் பூட்டன் உழைப்பும் இருக்கிறது. காட்டை அழித்துக் கோப்பியும் பிறகு தேயிலையும் வைக்கச் சொன்னது வெள்ளைக்காரத் துரைமார். அன்று ஓடைகளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. மேல் கொத்மலை மின்திட்டத்துக்கு 2012இல் கொத்மலை ஓயாவைத் திருப்பியபோது, சென். கிளயர் நீர்வீழ்ச்சியின் அழகுக்காகப் பகலில் தண்ணீர் விட ஏற்பாடு செய்தார்கள். நல்லது. அழகுக்காக மணிக்கணக்குப் போட்டுத் தண்ணீர் விட முடியுமென்றால், உயிருக்காக அடிக்கணக்குப் போட்டுப் பாதுகாப்பான காணி அளந்து தரவும் முடியும். ஓடைக்கரையில் எழும்பும் சுற்றுலா விடுதிக்கு ஒரு சட்டம், தொழிலாளியின் தகரக் கொட்டிலுக்கு ஒரு சட்டம் என்றால் அதை நாம் ஏற்கமாட்டோம். ஓடைக்கு விட வேண்டிய எல்லையை எல்லோரும் விடவேண்டும்.

“பாதுகாப்பான காணி இல்லையே” என்பார்கள். ஒரு கணக்குப் பார்ப்போம். 160 பேர்ச்சஸ் ஒரு ஏக்கர். குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்றார்கள், பிறகு 10 பேர்ச்சஸ் என்றார்கள். 10 என்றே வைத்துக்கொள்வோம். 100 குடும்பத்துக்கு 1,000 பேர்ச்சஸ். அதாவது ஆறேகால் ஏக்கர். பாதை, கான், பிள்ளைகள் விளையாட ஒரு திடல் எல்லாம் சேர்த்துப் பத்து ஏக்கர் என்றே போடுங்கள். நூற்றுக்கணக்கான ஏக்கர் உள்ள தோட்டத்தில் உறுதியான நிலம் பத்து ஏக்கர் இல்லையா? இருக்கிறது. அதில் தேயிலை நிற்கிறது. அல்லது கவனிப்பாரின்றி மானாப் புல் மண்டிக் கிடக்கிறது. காணியின் சொந்தக்காரர் அரசாங்கம். 1992இல் வந்த கம்பனிகள் குத்தகைக்காரர்கள். ஆகவே இல்லை என்ற பேச்சை அப்படியே கேட்டுக்கொண்டு திரும்பிவர வேண்டியதில்லை.

இதில் ஒரு பயமும் நமக்கு இருக்கிறது. “ஓடைக்கரையில் கட்டக்கூடாது” என்று நாமே சொன்னால், அதையே பிடித்துக்கொண்டு இருக்கிற வீட்டையும் இடித்துவிட்டுப் போய்விடுவார்களே என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான பயம். அதனால் நம் கோரிக்கையின் முதல் வரி இதுவாகத்தான் இருக்க வேண்டும்: மாற்றுக் காணி கையில் வராமல் யாரையும் வெளியேற்றக் கூடாது. ஓடையைப் பாதுகாக்கும் வேலை வீடு தரும் வேலையோடு சேர்ந்தே நடக்க வேண்டும்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஊருக்குத் திரும்பியதும் செய்ய வேண்டியவை இவை.

1. ஓடைக்கரையிலும் சரிவின் அடியிலும் இருக்கும் வீடுகளை லயம் லயமாக எழுதி எடுங்கள். எத்தனை குடும்பம், எத்தனை பிள்ளைகள், நடக்க இயலாதவர்கள் யார் என்று குறியுங்கள்.

2. அந்தப் பட்டியலைப் பிரதேச செயலாளருக்கும், மாவட்ட இடர் முகாமைத்துவப் பிரிவுக்கும், தோட்ட நிர்வாகத்துக்கும் கொடுங்கள். கொடுத்ததற்குத் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள்.

3. வீட்டுத் திட்டத்துக்கு இடம் காட்டினால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கேளுங்கள். அறிக்கை வராமல் அத்திவாரம் வெட்ட விடாதீர்கள். நாடா வெட்ட வரும் பிரமுகர் யாராக இருந்தாலும் சரி.

4. ஓடைக்கு எத்தனை அடி விடவேண்டும் என்பதைப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். அந்த எல்லையில் எல்லோரும் பார்க்கக் கல் நடச் சொல்லுங்கள்.

5. காணி உறுதி குடும்பத்தின் பெயரில், பெண்ணின் பெயரும் சேர்த்து வரவேண்டும். உறுதியில்லாத வீட்டை நாளை யாரும் கேள்வி கேட்கலாம்.

6. மழைக்காலத்துக்கு ஒரு காவல் குழு வையுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்பது ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. தோட்ட ஒபீசில் மழைமானி இருந்தால் அதன் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், தெளிந்த ஊற்று திடீரென்று கலங்குவது, இவற்றைக் கண்டால் அறிவிப்புக்காகக் காத்திருக்காதீர்கள்.

கேட்பதோடு நம் வேலை முடியாது. கரையில் வெட்டிவேரும் மூங்கிலும் வைக்கலாம். பீலிக்கரைக்கு மேலே துணி துவைப்பதையும் குப்பை கொட்டுவதையும் நிறுத்த ஒரு லயக் கூட்டம் போதும். களைநாசினி அடித்த டாங்கியை ஓடையில் கழுவச் சொன்னால், முடியாது என்று சேர்ந்து சொல்லலாம். குழி தோண்டுமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து இடம் கேட்கலாம். மரக்கறித் தோட்டத்தை ஓடையின் விளிம்புவரை கொத்தாமல் ஒரு பட்டைப் புல் விட்டுவைக்கலாம். இதையெல்லாம் நாம் செய்துகாட்டினால், ஓடையைக் கெடுப்பவர்கள் லயத்து ஜனங்கள் என்று பேச எவருக்கும் வாய் வராது. அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் நம் கையும் ஓங்கும்.

நாளை காலை பஸ் ஏறுமுன் எல்லோரும் ஒருமுறை குளக்கட்டில் நடந்து பாருங்கள். மலையிலிருந்து ஒரு பக்கம் வந்து சேரும் தண்ணீர், மறுபக்கம் வயலுக்கு இறங்குவது தெரியும். மேலே இருக்கும் நாமும் கீழே இருக்கும் இந்த உறவுகளும் ஒரே தண்ணீரின் ஆட்கள். ஆகவே பாதுகாப்பான காணி கேட்கும் மனுவில் மலையகத் தோட்டக் கமிட்டிகளோடு கந்தளாய் உறவுகளும் கையொப்பம் இடவேண்டும் என்று இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறோம். உடன்படுகிறவர்கள் கை உயர்த்துங்கள்.