வங்கிக் கதவு மூடினால் சங்கக் கதவு திறக்கட்டும்

(வலிகாமத்தில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



எமது ஊர் வங்கிக் கிளையின் கதவிலே ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. இக்கிளை அயலூர்க் கிளையுடன் இணைக்கப்படும், கணக்குகள் யாவும் அங்கே தொடரும் என்று மூன்று வரிகளில் அறிவித்துவிட்டார்கள். அந்த வங்கியின் பெயரை நாம் இம்மேடையில் சொல்லப் போவதில்லை. ஒரு நிறுவனத்தைத் தூற்றுவதற்காக நாம் இங்கே கூடவில்லை. அந்த மூன்று வரிகளால் எமது ஊருக்கு நேரப்போவது என்ன, அதற்கு நாம் செய்ய வேண்டியது என்ன என்று ஆராயவே கூடியிருக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். கிளை மூடப்படுவது வேறு; வங்கி முறிவது வேறு. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் த பினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தது. அது நிறுவனமே வீழ்ந்த கதை. அப்படி வீழ்ந்தால், அனுமதி பெற்ற வங்கியிலும் நிதிக் கம்பனியிலும் பணம் வைத்தவர் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரைக்கும் வைப்புக் காப்புறுதி உண்டு. இன்று எமக்கு நேர்ந்திருப்பது அதுவன்று. ஆகவே, காசை எடுத்து வீட்டுப் பெட்டகத்திலே பூட்டி வைப்போம் என்று எவரும் ஓட வேண்டியதில்லை. அவ்வாறு ஓடினால் கள்வனுக்குத்தான் கொண்டாட்டம்.

யாருக்கு நட்டம்?

ஆனால், பணம் போகவில்லை என்பதற்காக நட்டமில்லை என்று சொல்லிவிட முடியுமா? ஓய்வூதியம் எடுக்கும் முதியவர் நேற்றுவரை பொல்லை ஊன்றிக்கொண்டு நடந்து போனார். நாளை அவர் பேருந்து ஏற வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். ஒரு பகல் முழுவதையும் இழக்க வேண்டும். கைத்தொலைபேசியிலே கணக்குப் பார்க்கலாமே என்கிறார்கள். பார்க்கத் தெரிந்தவர் பார்ப்பார். தெரியாதவர் அட்டையையும் இரகசிய எண்ணையும் அயலவன் கையில் கொடுப்பார். அங்கேதான் ஆபத்துத் தொடங்குகிறது.

கமக்காரனின் நிலை இதனினும் கடினம். வெங்காயம் நடுவதற்கு விதை வேண்டும், பசளை வேண்டும், கூலி வேண்டும். மனைவியின் சங்கிலி அடைவுக்குப் போகிறது. வெங்காயம் விற்றதும் மீள்கிறது. சுன்னாகத்திலும் உரும்பிராயிலும் புத்தூரிலும் எத்தனையோ தோட்டங்கள் இந்தச் சங்கிலியின் பலத்தில் விளைகின்றன! அடைவு பிடிக்கும் இடம் தூரப் போனால் என்ன நடக்கும்? அருகே இருக்கும் வட்டிக்காரனின் வாசல் நினைவுக்கு வரும். ஒற்றியும் ஈடும் அறுதியும் எமக்குப் புதிய சொற்களா? ஒற்றி வைத்த காணியின் விளைவைக் கடன் கொடுத்தவன் உண்பான். மீட்க வழியின்றிப் போனால் ஒற்றி அறுதியாகும். எமது பாட்டன்மார் பரப்புப் பரப்பாகக் காணி இழந்த வழி அதுவே.

2009க்குப் பின்னர் இங்கே வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் போட்டியிட்டுக்கொண்டு வந்தன. வீட்டு வாசலுக்கே வந்து நுண்கடன் கொடுத்தார்கள். வாரந்தோறும் வாசலுக்கே வந்து அறவிட்டார்கள். ஒரு கடனை அடைக்க மறு கடன் வாங்கிய பெண்களின் துயரம் நாடறிந்தது. வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கமே அறிவிக்க நேர்ந்தது. பொறுப்புள்ள வங்கி ஓரிடத்தை விட்டுப் போனால், அந்த இடம் வெறுமையாக இருப்பதில்லை. பொறுப்பற்றவன் வந்து அமர்கிறான். இதுவே எமது அச்சம்.

கதவடைப்பு எமக்குப் புதிதன்று

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் ஊரோடு பெயர்ந்தார்கள். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை ஓய்ந்தது. மயிலிட்டித் துறைமுகம் 2017இலேயே மக்களுக்குத் திரும்பியது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. அன்று சேமிப்புப் புத்தகத்தையும் அடைவுச் சீட்டையும் மடியிலே முடிந்துகொண்டு நடந்தவர்கள் பிழைத்தார்கள். விட்டு வந்தவர்கள் தம்மைத் தாமென்று நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். தாள் சிறிது, அதன் வலிமை பெரிது!

எமது முன்னோர் வங்கிக்காகக் காத்திருக்கவுமில்லை. 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. ஊர் தோறும் ஐக்கிய நாணய சங்கங்கள் எழுந்தன. 1929இல் அச்சங்கங்களுக்குக் கடன் கொடுக்க யாழ்ப்பாணத்திலேயே ஒரு கூட்டுறவு வங்கி அமைந்தது. ஆசிரியர்களும் கமக்காரரும் ஒரே வாங்கில் அமர்ந்து கணக்குப் பார்த்த காலம் அது. கூட்டுறவாளர் வீரசிங்கம் அவர்களின் பெயரில் யாழ்நகரில் மண்டபம் நிற்கிறது. கூட்டுறவாலே மூளாயில் ஒரு வைத்தியசாலையே நிற்கிறது. 1961இல் மக்கள் வங்கி தோன்றியபோது கூட்டுறவு வங்கிப் பணி அதனுள் அடங்கியது. அதனால் கிராமங்களுக்குப் பணம் வந்தது. 1964 முதல் கூட்டுறவுக் கிராமிய வங்கிகளும் வந்தன. ஆனால் முடிவெடுக்கும் மேசை கொழும்புக்குப் போயிற்று. மேசை எங்கே இருக்கிறதோ, கதவின் திறப்பும் அங்கேதான் இருக்கும்.

எமது குற்றமும் உண்டு

இங்கே உத்தியோகத்தராகிய நாம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊர்க் கிளையை முதலில் கைவிட்டவர்கள் யார்? நாம்தான். சம்பளம் நகரக் கிளையில், கொடுப்பனவு கைத்தொலைபேசியில். ஊர்ச் சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கோ நமக்கு நேரமில்லை. ஊரில் படித்தவன் விலகினால் கணக்குப் பார்க்க ஆளில்லை. கணக்குப் பார்க்க ஆளில்லாத சங்கம் நொடிக்கிறது. பின்னர், சங்கம் சரியில்லை என்று சொல்பவரும் நாமேதான்!

செய்ய வேண்டியவை

எனவே ஐந்து காரியங்களை இக்கூட்டத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது: கிளை மூடுமுன் ஒவ்வொருவரும் சேமிப்புப் புத்தகத்தை எழுதுவித்துக்கொள்ளுங்கள். அடைவு நகை எக்கிளைக்குப் போகிறது, தவணை என்று முடிகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தவணை தப்பினால் ஏலம் என்பதை மறவாதீர்கள். வெளிநாட்டிலுள்ள உறவினரின் பழைய கணக்குகளையும் தட்டியெழுப்புங்கள். பத்தாண்டுகள் அசையாத கணக்கு மத்திய வங்கிக்கு மாற்றப்படும். பின்னர் கோரலாம், ஆயினும் அலைச்சல் மிகும்.

இரண்டாவது: இரகசிய எண்ணை எவருக்கும் சொல்லாதீர்கள், வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். எமது பட்டதாரி இளைஞர்கள் சனசமூக நிலையத்தில் வாரத்தில் ஒருநாள் அமர்ந்து முதியோருக்கு இவற்றைக் கற்பிக்கட்டும். கற்பிப்பது வேறு, அவருக்காகத் தாமே எண்ணை அழுத்துவது வேறு.

மூன்றாவது: அஞ்சலகத்தை மறந்துவிட்டோம். தேசிய சேமிப்பு வங்கியின் சேமிப்புக் கணக்கை அஞ்சலகத்திலேயே நடத்தலாம். சிறு சேமிப்புக்கு அது போதும்.

நான்காவது: வங்கிகளிடம் ஒரு கோரிக்கை. பிரித்தானியாவில் 2015க்குப் பின்னர் 6,000க்கு மேற்பட்ட கிளைகள் மூடப்பட்டன. அங்கே மக்கள் எழுப்பிய குரலின் பின்னர், பல வங்கிகள் சேர்ந்து ஒரே மண்டபத்தில் நாளுக்கு ஒரு வங்கியாகப் பணியாற்றும் நிலையங்களைத் திறந்து வருகின்றன. எமது சங்க மண்டபத்தில் ஓர் அறை தருகிறோம். ஓய்வூதிய நாளிலும் வெங்காயப் போகத்திலும் வந்திருங்கள் என்று கையொப்பமிட்டுக் கேட்போம். கேட்பதற்கு வெட்கமில்லை.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் பெரியது: எமது சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தூக்கி நிறுத்துவோம். ஆனால் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறோம்: சங்க வைப்புக்கு மத்திய வங்கியின் காப்புறுதி இல்லை. அதற்குக் காப்பு எமது கண்களே. உள்ள சேமிப்பு முழுவதையும் அங்கே போடச் சொல்லவில்லை. ஒரு பங்கைப் போடுங்கள். கணக்காளர் ஒருவர், ஆசிரியர் ஒருவர், கமக்காரர் இருவர், தாய்மார் இருவர் மாதந்தோறும் ஏட்டைத் திறந்து பார்க்கட்டும். யாருக்கு எவ்வளவு கடன், எவ்வளவு நிலுவை என்பது மறைவின்றிக் கூட்டத்தில் வாசிக்கப்படட்டும். உறவினன் என்று ஒருவனுக்கும் தவணை நீட்டாதீர்கள். சங்கங்களைக் கொல்வது வட்டிக்காரன் மட்டுமல்ல, முகத்தாட்சணியமும் கொல்கிறது.

அன்பர்களே! கொழும்பிலே ஒருவர் கணக்குப் பார்த்து, இவ்வூரில் இலாபம் போதாது என்று கோடு கிழித்திருக்கிறார். அவருடைய கணக்கில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் விதை வாங்க முடியாமல் தரிசாகக் கிடக்கும் ஒரு பரப்புத் தறையின் நட்டம் அவருடைய ஏட்டில் ஏறாது. அது எமது ஏட்டில் ஏறும். ஆகவே எமது ஏட்டை நாமே எழுதுவோம். அடுத்த ஞாயிறு சங்கத்தின் பொதுக்கூட்டம். கைதட்டிவிட்டுப் போகாமல், சந்தாவோடு வாருங்கள்.