அப்பாவும் விட்டலாச்சார்யாவும்

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



'வாழ்வில் உயர வழிகள்' என்று பேசச் சொல்லி நண்பர் கடிதம் எழுதியிருந்தார். அதைப் பேச என்னைவிட உயர்ந்தவர்கள் மேடையிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். நான் பேய்ப் படம் பற்றிப் பேசுகிறேன். (சிரிப்பு)

1978-ஆம் வருஷம். நான் மம்சாபுரத்திலிருந்து சைக்கிளில் வந்து போய் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். 'முள்ளும் மலரும்', 'அவள் அப்படித்தான்' இரண்டும் வந்தது அந்த வருஷம்தான். மரத்தடியில் உட்கார்ந்து நாங்கள் பேசியதெல்லாம் அந்தப் படங்களைத்தான். மகேந்திரன், ருத்ரய்யா என்று பேரைச் சொல்வதிலேயே ஒரு கர்வம். அதே 1978-ல்தான் பி. விட்டலாச்சார்யாவின் 'ஜெகன்மோகினி'யும் வந்தது. தெலுங்கில் எடுத்து, தமிழில் குரல் கொடுத்து விட்ட படம். அதைப் பார்த்தேன் என்று சொன்னால் மரத்தடியில் மானம் போய்விடும்.

விட்டலாச்சார்யா உடுப்பிப் பக்கத்துக்காரர். கத்தி, மந்திரவாதி, குட்டிச்சாத்தான், இளவரசி என்று வருஷக்கணக்கில் படம் எடுத்தவர். 1950-ல் வந்த 'மந்திரி குமாரி'யிலும் ராஜா ராணி உண்டு, கத்திச் சண்டை உண்டு; ஆனால் கலைஞர் வசனத்தில் அரசியல் இருந்தது. எம்.ஜி.ஆர். வாள் எடுத்தால் அதற்குப் பின்னால் ஒரு கொள்கை நிற்கும். விட்டலாச்சார்யா படத்தில் அந்த வம்பே கிடையாது. வாள் என்றால் வாள், பூதம் என்றால் பூதம். நடிகர் சம்பளத்தைக் கூடக் கேட்டால் கதையில் அவரைக் குரங்காக்கி விடுவாராம். மிச்சப் படத்தைக் குரங்கை வைத்தே முடித்துவிடுவார் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

என் அப்பா ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் சைடர். மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். தலைமுடியில் பஞ்சு ஒட்டிக்கொண்டே வீட்டுக்கு வருவார். அதிகம் பேச மாட்டார், சிரித்து நான் பார்த்ததும் குறைவு. ஒரு வார லீவு நாளில், "ஏய்யா, ஜெகன்மோகினி போவமா?" என்றார். மறுக்க முடியவில்லை. தெரிந்த பையன் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற பயத்தோடு பெஞ்சு டிக்கெட்டில் போய் உட்கார்ந்தேன்.

அந்தப் படத்தில் ஒரு பேய் தன் காலையே விறகாக அடுப்பில் வைத்துச் சமைக்கும். பார்த்தவர்கள் இந்த ஹாலிலேயே இருப்பீர்கள், கை தூக்க வெட்கப்படுவீர்கள். கொட்டகையே அலறியது. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர. இடைவேளையில் முறுக்கு வாங்கிக் கொடுத்து, "என்னமா எடுத்திருக்கான் பாத்தியா!" என்றார்.

நான் பிஸிக்ஸ் மாணவனாயிற்றே. ஆரம்பித்தேன். "அது பொய்க்கால்ப்பா. ஆள் மறையறதும் அப்படித்தான். காமிராவை நிறுத்திட்டு, மத்தவங்களை அசையாம நிக்கச் சொல்லிட்டு, அந்த ஆளை மட்டும் வெளிய அனுப்பிட்டு மறுபடி ஓட விடுவாங்க. லென்ஸில பாதியை மறைச்சு ஒரு தடவை எடுத்து, பிலிமைத் திருப்பிச் சுத்தி, மறுபாதியை மறைச்சு இன்னொரு தடவை எடுத்தா, ஒரே ஆள் ரெண்டா நிப்பான். பிரான்ஸில மெலியேன்னு ஒருத்தர் போன நூற்றாண்டிலேயே இதெல்லாம் பண்ணிட்டாரு." சொன்னதில் பிழையில்லை.

அப்பா முறுக்கை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "எட்டு மணி நேரம் மெஷினைப் பாத்துட்டுத்தான்யா இங்க வர்றேன். இங்கயும் மெஷினைப் பத்தித்தான் பேசணுமா? நெசமில்லேன்னு எனக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான். கோபமே இல்லை. ஆனால் இடைவேளைக்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் என்னைப் படத்துக்குக் கூப்பிடவும் இல்லை.

நான் பிற்பாடு வேலைக்குப் போய், வெளியூர் போய், 1951-ல் வந்த 'பாதாள பைரவி' இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவிலேயே 1952-ல் காட்டப்பட்டது என்று படித்தபோது, மரத்தடி நண்பர்களுக்கு ஒரு கார்டு போடலாமா என்று தோன்றியது. போடவில்லை. விழாவில் காட்டினால்தான் அது நல்ல படமா? அப்பாவுக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்படவில்லையே.

அப்பா ரிட்டயர் ஆன பிறகு, தொண்ணூறுகளில் ஒரு லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். டி.வி.யில் அதே 'பாதாள பைரவி'. எஸ்.வி. ரங்காராவ் மந்திரவாதியாக வந்து கண்ணை உருட்டுகிறார். அப்பா கட்டிலில், நான் கீழே பாயில். பைரவி சிலையிடம் கேட்டதும் கண் மூடித் திறப்பதற்குள் மாளிகை வந்து நிற்கிறது. ஒளிப்பதிவு மார்க்கஸ் பார்ட்லி. அதை எப்படி எடுத்திருப்பார் என்று ஒரு மணி நேரம் என்னால் பேச முடியும்.

அப்பா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். "இதை எப்படிய்யா எடுத்தான்?"

"தெரியலையேப்பா" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. இரண்டு பேரும் படம் முடிகிறவரை எழுந்திருக்கவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டு அலுத்துப் போனாள்.