நம் நூலை நாமே அச்சிடலாமா?



அட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் பிறந்த என் பழைய மாணவன் ஒருவன், தான் எழுதிய கதைகளுடன் அண்மையில் என்னிடம் வந்தான். "சேர், அம்மாவின் காப்பை அடகு வைத்து, ஐந்நூறு பிரதிகள் நானே அச்சிடப் போகிறேன். ஒரு நூல் வெளிவந்துவிட்டால், அடுத்ததைப் பெரிய பதிப்பகத்தார் ஏற்றுக்கொள்வார்கள் அல்லவா?" என்றான். கொழுந்து பறித்த கூலியில் வாங்கிய காப்பு அது. ஆகவே, முகத்துக்காக விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சொந்தச் செலவில் நூல் வெளியிடுவது இழிவன்று. பாரதியாரே 1908ஆம் ஆண்டில் தம் தேசியப் பாடல்களைத் தாமே வெளியிட்டார். ஆயினும், 1920இல் தம் நூல்கள் அனைத்தையும் அச்சிட அவர் வகுத்த பெருந்திட்டம் பணமின்றிக் கனவாகவே முடிந்தது. முன்னர் வெளிவந்த நூல் பின்னர் வரவேண்டிய நூல்களுக்கு முதல் தேடித் தரவில்லை.

நம் மலைநாட்டையும் பார்ப்போம். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மையார், தொழிலாளர் துயர்பற்றிய பாடல்களை 1940இல் சிறு நூலாக வெளியிட்டார். கூட்டங்களில் தாமே பாடியும் காட்டினார். தொழிலாளரின் செவியைத் தேடிச் சென்ற நூல் அது. தெளிவத்தை ஜோசப் வந்த வழி வேறு. வீரகேசரி நடத்திய மலையகச் சிறுகதைப் போட்டிகளில் பரிசு பெற்று, வாசகர் அறிந்த பெயரானார் அவர். அதன் பின்னரே, 1974இல், 'காலங்கள் சாவதில்லை' என்னும் அவருடைய நாவல் வீரகேசரி வெளியீடாக வந்தது.

இருவர் வழியும் வேறாயினும், இருவரும் முதலில் தேடிக்கொண்டது மக்களையே. பதிப்பாளர் முதல் போடுகிறவர். நூல் அச்சானதா என்று கேளார், விலை கொடுத்து வாங்கியவர் எத்தனை பேர் என்றே கேட்பார். வெளியீட்டு விழாவில் பிரமுகர்கள் உறையில் பணமிட்டுப் பெறும் சிறப்புப் பிரதிகள் அக்கணக்கில் சேரா. எஞ்சியவை கட்டிலின் கீழே, நம் லயத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கும். விற்ற நூறு பிரதிகள் நூலாசிரியருக்குச் சிபாரிசு; விற்காத நானூறு அவருக்கு எதிரான சாட்சி.

ஆகவே மாணவனிடம் இவ்வாறு சொன்னேன்: "கதைகளை முதலில் பத்திரிகைகளுக்கு அனுப்பு. வாசகர் உன்னை அறிந்தபின், நூறு பிரதிகள் மட்டும் அச்சிடு. தோட்டந்தோறும் கொண்டு சென்று விற்று, கணக்கை எழுதி வை. அந்தக் கணக்கோடு பதிப்பாளரிடம் போ. அவர் மறுத்தாலும், உன் கதையைப் படித்த நூறு பேர் உனக்கு மிஞ்சுவர்."

காப்பு இப்பொழுது தாயின் கையிலேயே இருக்கிறது. கதைகளில் மூன்று தபாலில் போயிருக்கின்றன.