சரத் கமலின் இரண்டு தங்கங்களுக்கு இடையே

சீனா, தென்கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகள் கோலோச்சும் மேசைப்பந்து ஆட்டத்தில், அதாவது டேபிள் டென்னிசில், இந்தியாவையும் பொருட்படுத்த வைத்தவர் சென்னையில் வளர்ந்த அசந்தா சரத் கமல். 1982இல் ராஜமகேந்திரவரத்தில் பிறந்த அவருக்குத் தந்தை சீனிவாச ராவும், தந்தையின் உடன்பிறந்தவரான முரளிதர ராவும் முதல் ஆசான்களாக அமைந்தனர்.

2006இல் மெல்பர்ன் காமன்வெல்த் விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 23. அதே தங்கத்தை 2022இல் பர்மிங்காமில் மீண்டும் வென்றபோது வயது 40. இமைப்பொழுதில் எதிர்வினை ஆற்ற வேண்டிய ஆட்டத்தில் இது எவ்வளவு அரியது என்பதை உணர, ஆட்டமே எப்படி மாறியது என்பதை அறிய வேண்டும். அவர் பதின்வயதில் பழகிய 38 மில்லிமீட்டர் பந்து 2000இல் 40 மில்லிமீட்டராகி வேகம் தணிந்தது. 21 புள்ளி ஆட்டம் அடுத்த ஆண்டே 11 புள்ளியாகச் சுருங்கியதால், தொடக்கத்தில் தடுமாறுவோர் மீள்வதற்கு நேரம் இல்லாமல் போயிற்று. மட்டையின் ரப்பருக்கடியில் உள்ள பஞ்சை இளக்கிப் பந்துக்கு விசையூட்டிய வேகப் பசை, அதன் ஆவி உடலுக்குத் தீங்கானது என்பதால் 2008இல் விலக்கப்பட்டது. 2014இல் செல்லுலாய்டு பந்தும் நெகிழிப் பந்துக்கு வழிவிட, சுழற்சி குறைந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கை பழகிய அடியைத் திருத்திக்கொண்டு புதிதாகப் பயின்ற அந்தப் பொறுமையே அவர் வென்ற பத்து தேசியப் பட்டங்களையும்விடப் போற்றத்தக்கது.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், காலிறுதியில் ஜப்பானை வீழ்த்திய, சரத் கமல் இடம்பெற்ற இந்திய ஆடவர் அணி அரையிறுதியில் தென்கொரியாவிடம் தோற்றாலும் வெண்கலம் பெற்றது. 1958இல் ஆசிய விளையாட்டில் சேர்க்கப்பட்ட இந்த ஆட்டத்தில் இந்தியாவின் முதல் பதக்கம் அதுவே. ஆணும் பெண்ணும் இணைந்தாடும் கலப்பு இரட்டையரிலோ, இந்திய வீராங்கனை மனிகா பத்ராவுடன் சேர்ந்து தென்கொரிய இணையையும், அடுத்து வடகொரிய இணையையும் வென்று அவர் மற்றொரு வெண்கலம் பெற்றார்.

இந்தியாவின் உயரிய விளையாட்டு விருதான கேல் ரத்னாவும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தேசியக் கொடி ஏந்தும் பெருமையும் பெற்ற பின், 2025 மார்ச்சில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில், இளைய இந்தியரான சினேகித் சுராவஜ்ஜுலாவிடம் தோற்று ஒற்றையர் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார்.

அவர் வழியில் நம் பிள்ளைகளும் ஆடலாம். ஐப்பசி, கார்த்திகையில் மைதானங்கள் நீர் கட்டி நிற்கும் நம் சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில், கூரைக்கடியில் ஆடத்தக்க இந்த ஆட்டத்துக்குத் தேவைப்படுவது 2.74 மீட்டர் நீளமும் 1.525 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு மேசையும், அதைச் சுற்றி நகர்ந்தாட இடமுள்ள ஒரு கூடமுமே. சேத்தியாத்தோப்புப் பள்ளிகளில் அவை அமைய இந்த அவையோர் முன்வர வேண்டும்.